நாட்டுச் சதுப்புச் செடிகளை எங்கே எடுப்பது, வீட்டில் எப்படி வளர்ப்பது? (மட்டக்களப்பு, அம்பாறை)

படுவான்கரையான் | கொக்கட்டிச்சோலை | ஒக்டோபர் 4

வணக்கம். பின்வளவில் மாட்டுக்குத் தண்ணீர் வைத்த பழைய சீமெந்துத் தொட்டி ஒன்று இருக்கிறது. ஆறடி நீளம், முழங்கால் ஆழம். மாடுகளை விற்ற பிறகு சும்மாதான் கிடக்கிறது. அதில் நம்ம பகுதிச் சதுப்புச் செடிகளை வளர்க்க விரும்புகிறேன். அழகுக்காக இல்லை. சின்ன வயதில் வயலோரங்களில் கண்ட செடிகள் இப்போது கண்ணில் படுவதே குறைவு. வளவிலாவது நாலு நிற்கட்டும்.

முதல் ஆசை அழுகண்ணி. ஈர மணலோடு ஒட்டிக்கொண்டு, சிவப்பாக, இலை நுனியெல்லாம் பிசின் துளியோடு பூச்சி பிடிக்குமே, அது. அப்புறம் கொட்டிக்கிழங்கு, நீல அல்லி. முடிந்தால், குடுவை போன்ற இலைக்குள் பூச்சி பிடிக்கும் குடுவைச் செடியும். இவற்றை எங்கே வாங்கலாம்? கிணற்றுத் தண்ணீர் ஊற்றலாமா? மண் என்ன? வெளியில் பிடுங்கினால் சட்டப் பிரச்சினை வருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மழைத்தண்ணி | ஆரையம்பதி | ஒக்டோபர் 4

தம்பி, குடுவைச் செடியை முதலில் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். இலங்கையில் இயற்கையாக வளர்வது ஒரே ஒரு குடுவைச் செடி, நெப்பெந்தெஸ் டிஸ்டிலட்டோரியா. வேறெந்த நாட்டிலும் அது இல்லை. சிங்கராஜ, கன்னெலிய காடுகளின் பக்கத்து ஈரவலயச் செடி. அங்கே வருடம் முழுக்க மழையும் ஈரக்காற்றும் உண்டு. நமக்கோ மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் கடைசிக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் கொடியில் போட்ட துணி எடுக்க முதல் காய்ந்துவிடும். அந்தக் காற்றில் குடுவைகள் ஓரம் கருகி உதிரும். தினமும் தண்ணீர் விசிறி உயிரோடு வைத்திருக்கலாம்தான். ஆனால் நீங்கள் கேட்டது நம்ம பகுதிச் செடி.

அழுகண்ணி வேறு. நம் தாழ்நிலத்துக்குப் பொருந்துவன இரண்டு. ட்ரொசெரா பர்மானி தரையோடு வட்டமாகப் படுத்திருக்கும், ஒரு நாணயத்தின் அகலம்தான். ட்ரொசெரா இண்டிகா நிமிர்ந்து, நூல் நூலான இலையோடு ஒரு சாண் வரைக்கும் எழும்பும். இரண்டும் ஒரு பருவச் செடிகள். மாரிக்கு முளைத்து, பூத்து, விதை கொட்டிவிட்டுக் கோடையில் செத்துப்போகும். கோடையில் செடி காய்ந்தால் அது நோயில்லை. பலர் அந்த நேரம் தண்ணீரை அள்ளி ஊற்றி விதையையும் அழுகப் பண்ணிவிடுகிறார்கள். இவற்றுக்கு மாரி எவ்வளவு தேவையோ கோடையும் அவ்வளவு தேவை.

இனித் தண்ணீர். மழைத்தண்ணீர் மட்டும். கரையோரக் கிணற்று நீரில் சுண்ணாம்பும் உப்பும் கூட. குழாய்த் தண்ணீரை ஓர் இரவு திறந்து வைத்தால் குளோரின் போகும், கரைந்திருக்கும் உப்புகள் போகாது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கிற டீ.டி.எஸ். மீற்றர் வைத்திருப்பவர்கள் பாருங்கள், 50க்குக் கீழே காட்டினால் அழுகண்ணிக்கு நல்லது. கூரைத் தண்ணீரை இப்போதே பரலில் பிடியுங்கள். முதல் மழை ஓட்டுத் தூசியைக் கழுவிக்கொண்டு வரும், அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள்.

மண்ணில்தான் கூடக் கவனம் வேண்டும். உரமில்லாத, புளிப்பான மண் அழுகண்ணிக்கு வேண்டும். சாணம், கூட்டெரு, யூரியா எதுவும் கூடாது. மண்ணில் கிடைக்காத தழைச்சத்தைத்தான் அது பூச்சியிலிருந்து எடுக்கிறது. மண்ணில் உரம் போட்டால் வேர் எரியும், பாசி மூடும். கடற்கரை மணலை எடுக்காதீர்கள், அதில் சிப்பித்தூள் இருக்கும். ஆற்று மணலையும் சோதித்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு கரண்டி மணலைக் கண்ணாடிக் கோப்பையில் போட்டு வினாகிரி விடுங்கள். மணல்களுக்கு நடுவிலிருந்து சின்னக் குமிழிகள் வரிசையாக ஏறி வந்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, வேண்டாம். ஒன்றும் நடக்காமல் தெளிவாக இருந்தால் அந்த மணல் ஆகும்.

மணலோடு தென்னந்தும்புத் தூள் சேர்க்கலாம், இரண்டு பங்குக்கு ஒரு பங்கு. தும்புத் தூளிலும் உப்பு இருக்கும். ஊறவைத்துப் பிழிந்து, திரும்ப ஊறவைத்து, சாயம் இறங்குவது குறையும் வரைக்கும் கழுவ வேண்டும். கடைசி அலசல் மழைத்தண்ணீரில். வெளிநாட்டுப் பீட் கொழும்பில் விற்கிறார்கள். நான் வாங்குவதில்லை. அது ஏதோ ஒரு நாட்டுச் சதுப்பு நிலத்தை வெட்டி எடுத்தது. ஒரு சதுப்பைக் காப்பாற்ற இன்னொன்றை வெட்டத் தேவையில்லை.

உங்கள் தொட்டி சீமெந்து. பழசென்றாலும் சுண்ணாம்பு கசியும். அழுகண்ணியை நேரே அதில் நடாதீர்கள். பிளாஸ்டிக் பேசினில் வைத்து, பேசினைத் தொட்டிக்குள் இறக்குங்கள். கொட்டிக்கும் அல்லிக்கும் தொட்டியே போதும், அவை அவ்வளவு நுணுக்கம் பார்ப்பதில்லை.

விதை என்னிடம் இருக்கிறது. வீட்டில் தலைமுறை தலைமுறையாக எடுத்து வருகிற பர்மானி விதை. அனுப்புகிறேன்.

சம்மாந்துறை நானா | சம்மாந்துறை | ஒக்டோபர் 5

நான் மரக்கன்றும் நீர்ச்செடியும் விற்கிறவன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். கொட்டி இனங்களை மீன்தொட்டிக் கடைகளில் அப்போனோகெட்டோன் என்ற பெயரில் கிழங்காக விற்பார்கள். வாங்க முதல் ஒன்று கேளுங்கள்: இது பண்ணையில் வளர்த்ததா, குளத்தில் பிடுங்கியதா? கிழங்குகள் ஒரே அளவாக, சுத்தமாக, சின்ன வேரோடு இருந்தால் பெரும்பாலும் வளர்த்தது. பெரிசும் சிறிசும் கலந்து, கறுப்புச் சேற்றோடு, தோல் கிழிந்து வந்தால் யாரோ குளத்தில் அள்ளியது. அதை வாங்காதீர்கள். நாம் வாங்கினால் மறுகாவும் அள்ளப் போவார்கள்.

கொட்டியை நடுவது லேசு. குளத்துக் களிமண்ணைத் தயிர்ச்சட்டியில் பாதிக்கு நிரப்பி, கிழங்கின் முளைப்பக்கம் மேலே தெரிய வைத்து, மேலே ஒரு விரல் மணல் போட்டுத் தண்ணீருக்குள் இறக்குங்கள். ஆடி, ஆவணியில் இலை அழிந்துவிடும். கிழங்கு சேற்றுக்குள் தூங்கும், தோண்டிப் பார்க்க வேண்டாம். அழுகண்ணிக்கு மண்சட்டி ஆகாது, வெளிப்புறத்தில் உப்புப் பூத்துவிடும்.

இன்னொன்று. "இலவசமாகத் தருகிறோம், அழகான ஊதாப் பூ" என்று யாராவது ஆற்றுவாழையை (ஆகாயத் தாமரை) தந்தால் வளவுக்குள்ளே எடுக்காதீர்கள். கிட்டங்கிப் பக்கம் வந்து பாருங்கள், வெள்ளம் வந்தால் ஆற்றை அப்படியே மூடிக்கொண்டு நிற்கும், தோணி விட முடியாது. 1909இலேயே இந்த ஒரு செடிக்காக இலங்கையில் தனிக் கட்டளைச் சட்டம் போட்டார்கள். நூறு வருடத்துக்கு மேலாகியும் ஒழிக்க முடியவில்லை. சல்வீனியா என்ற மிதக்கும் செடியும் அதே கதை, 1939இல் வந்தது. வாங்கிய செடி எதுவானாலும் வேரைக் கழுவி, ஒரு வாளியில் தனியே சில கிழமை வைத்துப் பார்த்துவிட்டுத் தொட்டியில் விடுங்கள். ஒரு சல்வீனியா இலைத் துண்டு போதும்.

திருக்கோவில் தோட்டம் | திருக்கோவில் | ஒக்டோபர் 5

நீல அல்லி என்னிடம் கனக்க இருக்கிறது, வேண்டுமானால் தரலாம். கோயில் குளத்திலிருந்து ஒரு ஐயா தந்தது. நல்ல அடர் ஊதா, இதழ் நிறைய. நம்ம தேசிய மலர்தானே.

வந்தாறுமூலை மாணவி | ஒக்டோபர் 6

அக்கா, கொடுக்க முதல் ஒரு விஷயம். 1986இல் தேசிய மலராக அறிவித்தது நீல அல்லியைத்தான். ஆனால் நாடு முழுக்கக் கோயில்களிலும் விகாரைகளிலும் வீடுகளிலும் பரவியிருக்கிற அந்த அடர் ஊதாப் பூ, உள்ளூர் இனமில்லை என்று பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அது வெளியிலிருந்து வந்த கலப்பினம். உள்ளூர் நிம்ஃபேயா நௌசாலியின் பூ சிறியது, இதழ் குறைவு, நிறம் வெளிர் நீலம், சிலவேளை கிட்டத்தட்ட வெள்ளை. பக்கத்தில் வைத்தால் உள்ளூர்ப் பூ மங்கலாகத் தெரியும், அதனால்தான் யாரும் அதைத் தேடி எடுத்து வளர்ப்பதில்லை. உங்கள் செடியின் இலையும் காம்பும் சேரும் இடத்தில் குட்டிச் செடி முளைத்தால் சந்தேகமே வேண்டாம், அது நம்முடையது இல்லை.

வீட்டுத் தொட்டியில் இருந்தால் பாதகமில்லை. குளத்தில் மட்டும் விடாதீர்கள். உள்ளூர் அல்லியோடு கலந்தால் பிறகு பிரிக்க முடியாது.

சட்டத்தைப் பற்றிப் படுவான்கரை அண்ணன் கேட்டிருந்தார். தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இலிருந்து இருக்கிறது, 2009இல் பெரிய திருத்தம் வந்தது. பாதுகாக்கப்பட்ட செடிகளுக்கு அதில் தனி அட்டவணை உண்டு. தேசிய பூங்கா, சரணாலயம், ஒதுக்குக் காட்டுக்குள் அட்டவணையில் இல்லாத செடியைக்கூடத் தொடக்கூடாது. லகுகல, குமண பூங்காக்களுக்குப் போகிறவர்கள் கமெராவோடு மட்டும் போங்கள். வெளிநாட்டிலிருந்து இணையத்தில் விதை வரவழைப்பதும் அப்படித்தான். 1999ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி இறக்குமதி அனுமதி வேண்டும். சுற்றிவளைத்து உறைக்குள் வைத்து எடுப்பித்தால் நோயும் சேர்ந்து வரலாம்.

திருக்கோவில் தோட்டம் | திருக்கோவில் | ஒக்டோபர் 6

நன்றி மகள். இலையைத் திருப்பிப் பார்த்தேன், இரண்டு இலையில் குட்டி இருக்கிறது. இனி யாருக்கும் குளத்தில் விடக் கொடுக்க மாட்டேன். வெளிர் நீலம் இங்கே தம்பிலுவில் பக்கம் ஒரு வாய்க்காலில் நிற்கிறது. அதில் விதை எடுக்கலாமா?

வந்தாறுமூலை மாணவி | ஒக்டோபர் 7

எடுக்கலாம், ஒரு காய் போதும். பூ முடிந்ததும் காய் தண்ணீருக்குள் வளைந்து போய்விடும். அது வெடித்தால் விதைகள் கொஞ்ச நேரம் மிதந்துவிட்டு அமிழ்ந்துவிடும், பிடிக்க முடியாது. மெல்லிய மஸ்லின் துணியைப் பைபோலக் காயில் கட்டி விடுங்கள். விதையைக் காயவைக்காமல் தண்ணீரோடு போத்தலில் வையுங்கள். கிழங்கைத் தோண்ட வேண்டாம் அக்கா.

வட்டைக்காரன் | வெல்லாவெளி | ஒக்டோபர் 9

நான் செடி வளர்க்கிறவனில்லை, வேளாண்மை செய்கிறவன். இந்தச் செடிகள் ஏன் காணாமல் போயின என்று சொல்லலாம். முந்தி எங்கள் வட்டையில் (வயல்வெளியில்) மானாவாரிக் கண்டங்களின் மேட்டு ஓரம், நீர் ஊறி ஊறி வடிகிற மணற்பகுதி, அங்கேதான் இவை நிற்கும். நீலமாகவும் மஞ்சளாகவும் குண்டூசித் தலையளவு பூக்கும் ஒரு செடியும் சேர்ந்து வரும், இலையே தெரியாது. இப்போது வரம்புக்கு வரம்பு களைநாசினி. பசளைத் தண்ணீர் வடிந்து வருகிற இடத்தில் புல் இடுப்பளவுக்கு எழும்பிவிடும், அந்தச் சின்னது எங்கே வெயிலைக் காண்பது? மீதி இடத்தில் கிரவல் போட்டு வீடு கட்டியாயிற்று. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அந்த இடம் ஒன்றுக்கும் உதவாத பூமி என்றே எல்லோரும் நினைத்தோம்.

மழைத்தண்ணி | ஆரையம்பதி | ஒக்டோபர் 9

அண்ணன் சொன்ன அந்தக் குண்டூசிப் பூ யூட்ரிகுலேரியா. அதுவும் பூச்சி தின்னும் செடிதான், ஆனால் வேலை மண்ணுக்கடியில். கண்ணுக்குத் தெரியாத அளவுப் பைகள் இருக்கும், நுண்ணுயிர் ஒன்று வாயில் உரசியதும் ஒரு நொடியின் ஆயிரத்திலொரு பங்குக்குள் தண்ணீரோடு உறிஞ்சிவிடும். குளத்தில் மிதக்கும் மஞ்சள்பூ இனமும் இருக்கிறது, யூட்ரிகுலேரியா ஓரியா. தம்பியின் தொட்டிக்கு அது மிகவும் பொருந்தும்.

நுளம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாரும் கேட்காவிட்டாலும். மாரியில் தண்ணீர் தேங்க விட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து வழக்குப் போடுவார், அது சரியானதும்கூட. டெங்கு இங்கே விளையாட்டில்லை. யூட்ரிகுலேரியா சின்னக் குடம்பிகளைப் பிடிக்கும், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. தொட்டியில் நாட்டுச் சிறுமீன் நாலு விடுங்கள். அழுகண்ணிப் பேசினைத் தாங்கும் தட்டில் திறந்த தண்ணீர் வேண்டாம். தட்டை மணலால் நிரப்பி, தண்ணீரை மணல் மட்டத்துக்குக் கீழே வையுங்கள். ஈரம் ஏறும், நுளம்பு முட்டையிட இடமிருக்காது.

படுவான்கரையான் | கொக்கட்டிச்சோலை | ஜனவரி 22

கனகாலம் எழுதவில்லை, வெள்ளத்தோடு அலுவலாகிவிட்டது. இப்போது சொல்ல நிறைய இருக்கிறது.

மழைத்தண்ணி அக்கா அனுப்பிய விதை கடதாசி மடிப்புக்குள் மிளகுத்தூள் போல இருந்தது. மண்ணால் மூடாமல் ஈர மணலின் மேலே தூவி, வெயில் படும் இடத்தில் வைத்தேன். பெருமழை நேரடியாக அடித்து விதை கழுவுப்பட்டுப் போகாமல் ஒரு கண்ணாடித் துண்டைச் சரித்து வைத்தேன். முதலில் பச்சைப் புள்ளி, பிறகு அதில் ஒரு மினுக்கம். இப்போது வட்டம் வட்டமாகச் சிவந்து நிற்கிறது. நேற்றுக் காலை ஒரு சிற்றெறும்பு இலை ஓரத்தில் ஏறியது. ஓரத்து நீள மயிர்கள், கண் முன்னால், சில விநாடிக்குள் உள்பக்கம் மடிந்து எறும்பை நடுவில் தள்ளிவிட்டன. மற்ற மயிர்கள் மெதுவாகப் பின்னால் வந்து சேர்ந்தன. மகள் பள்ளிக்குப் போக மறந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

இப்போது ஓர் அவசரக் கேள்வி. வழியில் ஒரு தனியார் தாழ்காணியில் அழுகண்ணி கண்டேன், நிமிர்ந்த இனம், இளஞ்சிவப்புப் பூ. காணிக்குக் கிரவல் வந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. மாசிக்குள் மூடிவிடுவார்கள். எடுக்கலாமா?

சம்மாந்துறை நானா | சம்மாந்துறை | ஜனவரி 22

இதில் யோசிக்க என்ன இருக்கிறது தம்பி? நாளைக்கே போய்ச் செடியோடு மண்ணை அள்ளுங்கள். கிரவலுக்கு அடியில் சாவதை விட உங்கள் பேசினில் சாவது மேல்.

வந்தாறுமூலை மாணவி | ஜனவரி 22

நானா, எனக்கு உடன்பாடில்லை. "எப்படியும் அழியப் போகிறது" என்று சொல்லித்தான் எல்லா இடத்திலும் அள்ளுகிறார்கள். நாளைக்கு அழியாத காணியிலும் இதே கதை சொல்லப்படும். காணிக்காரரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். வனசீவராசிகள் திணைக்கள அலுவலகத்திலும் முதலில் கேட்க வேண்டும், அட்டவணையில் உள்ள செடி என்றால் தனியார் காணி என்பது காரணமாகாது. அதைவிட, பூத்து நிற்கிற இண்டிகாவைப் பெயர்த்தால் அந்த நூல் வேர் அறுந்து, விதை முற்ற முன்னமே செடி போய்விடும்.

வட்டைக்காரன் | வெல்லாவெளி | ஜனவரி 23

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் செடியை ஏன் பார்க்கிறீர்கள்? நெல்லு வட்டையில் பத்து வருடம் விதைக்காமல் போட்டாலும் களை முளைக்கிறதே, எதனால்? மேல்மண்ணில் கிடக்கிற விதையால். இதுவும் ஒரு பருவச் செடி. போன வருட விதை, அதற்கு முந்தின வருட விதை எல்லாம் அந்தக் காணியின் மேல் விரற்கடை மண்ணுக்குள்தான். சம்மதம் வாங்கிக்கொண்டு அந்தத் தோலை மட்டும் சீவி எடுங்கள். அடுத்த மாரிக்கு எல்லாம் எழும்பும்.

மழைத்தண்ணி | ஆரையம்பதி | ஜனவரி 23

வட்டைக்கார அண்ணன் சொன்னதுதான் சரியான வழி. அந்த மண்ணில் அழுகண்ணி மட்டும் இருக்காது. யூட்ரிகுலேரியா, சின்னக் கோரை, நமக்குப் பெயர் தெரியாத எத்தனையோ சேர்ந்து வரும். கடையில் வாங்கவே முடியாத சதுப்பு அது.

ஆனால் இரண்டு நிபந்தனை. ஒன்று, அந்த மண்ணை ஒரு முழு மாரிக்குத் தனியே வைத்துப் பாருங்கள், தொட்டியோடு சேர்க்காதீர்கள். ஆற்றுவாழை விதை சேற்றில் பல வருடம் உயிரோடு கிடக்கும், சம்புப் புல்லும் வரலாம். வந்தவுடன் பிடுங்கி எரியுங்கள். இரண்டு, பேசினில் பெயரை மட்டும் எழுதாதீர்கள். எந்த ஊர், எந்தக் காணி மூலை, எந்த மாதம், மண் எப்படி இருந்தது, எல்லாம் அழியாத மையில் எழுதி ஒட்டுங்கள். எங்கே இருந்து வந்தது என்று தெரியாத செடியை எங்கேயும் திருப்பி நட முடியாது. ஒரு நாள் அந்தப் பக்கத்தில் ஒரு துண்டு நிலத்தையாவது யாராவது சதுப்பாக விடச் சம்மதித்தால், கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது நம்ம பொறுப்பு.

காணி இடத்தை இங்கே பொதுவில் எழுத வேண்டாம். கைப்பேசிப் படத்தில் இடக் குறிப்பு பதிந்திருக்கும், அதை எடுத்துவிட்டுப் போடுங்கள். மருந்துக்கும் விற்பனைக்கும் அள்ளுகிறவர்களும் இதைப் படிப்பார்கள்.

படுவான்கரையான் | கொக்கட்டிச்சோலை | பெப்ரவரி 11

அலுவலகத்தில் கேட்டுவிட்டேன், காணிக்காரரும் மறுக்காமல் எழுதித் தந்தார். "இந்தப் புல்லுக்கா?" என்று கேட்டார், ஒரு செடியில் ஒட்டியிருந்த கொசுவைக் காட்டியதும் அவரே மண்வெட்டி எடுத்து வந்து கிரவல் விழாத மூலையைக் காட்டினார். மண்ணின் தோலை நிழலில் காயவைத்துப் பேசின்களில் பரப்பியிருக்கிறேன். பேர்ச்சீட்டும் ஒட்டியாயிற்று. முற்றிய செடிகளில் சிலவற்றின் விதையும் எடுக்க நினைக்கிறேன். எப்போது, எப்படி?

சம்மாந்துறை நானா | சம்மாந்துறை | பெப்ரவரி 11

நல்ல வேலை தம்பி. தங்கச்சி சொன்னதும் சரிதான், கேட்டு எடுத்தபடியால்தான் அந்த மனிசனே உதவிக்கு வந்தார். விதை மிஞ்சினால் எனக்கும் ஒரு மடிப்பு தாருங்கள். விற்க மாட்டேன், கடை வாசலில் வைத்து வருகிறவர்களுக்குக் காட்டுவேன்.

மழைத்தண்ணி | ஆரையம்பதி | பெப்ரவரி 12

காய் கரும்பழுப்பாகி நுனி பிளக்கத் தொடங்கியதும் எடுக்க வேண்டும், பச்சையில் வெட்டினால் விதை முற்றாது. பனி உலர்ந்த பிறகு, காற்றில்லாத நேரம் பார்த்து, மடித்த வெள்ளைக் கடதாசியைத் தண்டுக்குக் கீழே பிடித்துக்கொண்டு விரலால் மெல்லத் தட்டுங்கள். ஒவ்வொரு செடியிலும் கொஞ்சம் எடுத்தால் போதும், மீதி அங்கேயே விழட்டும். அந்த மூலையைக் காணிக்காரர் மூடாமல் விட்டாலும் விடுவார். பொலித்தீன் உறையில் போடாதீர்கள், வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். கடதாசி மடிப்பில் போட்டு, வெளியில் இடமும் மாதமும் எழுதி, காய்ந்த தகரப் பெட்டியில் வையுங்கள். இண்டிகா விதைக்குக் கோடைச் சூடு பட்டால்தான் நன்றாக முளைக்கும், அதனால் குளிர்சாதனப் பெட்டி வேண்டாம். நானாவுக்கு ஒரு மடிப்பு, வட்டைக்கார அண்ணனுக்கு ஒன்று, வந்தாறுமூலைத் தங்கச்சிக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஒரே வளவில் எல்லாவற்றையும் வைத்திருக்கக் கூடாது.